கடைசிப் படி குழந்தையுடையது

டி-ஷர்ட் போட்டுக்கொள்வது நமக்கு ஒரே வேலை. மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஏழெட்டு வேலை. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பார்க்க வேண்டும். கீழ்விளிம்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். துணியைச் சுருட்டிக் கழுத்து ஓட்டை வரை கொண்டுவர வேண்டும். தலையை உள்ளே விட வேண்டும். அந்த இருட்டுக்குள் மூன்று ஓட்டைகளில் தலைக்குரியது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கையை நுழைக்க வேண்டும். பிறகு அடுத்த கை. கடைசியாக வயிறு தெரியாதபடி கீழே இழுத்துவிட வேண்டும். இவற்றில் எந்த இடத்தில் சிக்கினாலும் குழந்தை அழும். நாமோ "சட்டை போட அழுகிறான்" என்று சொல்லிவிடுவோம். அவன் சட்டைக்காக அழவில்லை, ஏழாவது வேலையில் மாட்டிக்கொண்டு அழுகிறான்.

பெரும்பாலும் சிக்குவது இரண்டாவது கையில்தான். முதல் கை உள்ளே போனதும் துணி உடம்போடு இறுகிவிடுகிறது. மிச்சமிருக்கும் கை ஓட்டை அக்குளுக்கு அருகே, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடுகிறது. முழங்கையை மடக்கி, பின்னுக்குக் கொண்டுபோய், மேலே தூக்கி நுழைக்க வேண்டும். பார்க்காமலே உடம்பின் உறுப்பு எங்கே இருக்கிறது என்று உணரும் திறமை அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே அந்த இடத்தில் மட்டும் சட்டையின் பக்கவாட்டை விரித்துப் பிடித்து, ஓட்டையை முழங்கைக்குக் கீழே கொண்டுவந்து காட்டினால் போதும். மற்றதை அவனே முடித்துக்கொள்வான்.

குழந்தைக்கு ஒரு வேலையைப் பழக்கும்போது நாம் பொதுவாக முதல் படியிலிருந்து ஆரம்பிக்கிறோம். "நீயே போடு" என்று சட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, குழந்தை திணறியதும் பிடுங்கி நாமே முடித்துவிடுகிறோம். குழந்தைக்குக் கிடைப்பது கஷ்டம் மட்டும், முடித்த திருப்தி நமக்கு. அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்களான ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். எல்லாப் படிகளையும் பெரியவர் செய்து, கடைசி ஒன்றை மட்டும் குழந்தைக்கு விடுவது. முதலில் சட்டையைக் கீழே இழுத்துவிடுவது மட்டும் அவனுடைய வேலை. அது கேட்காமலே நடக்க ஆரம்பித்ததும், இரண்டாவது கையும் இழுத்துவிடுவதும் அவனுடையது. பிறகு இரண்டு கைகளும். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் நகர வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான். "போட்டாச்சு!" என்று அவன் சொல்லும்போது அது உண்மையாக இருக்கும்.

1976-ல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 3, 4, 5 வயதுக் குழந்தைகளிடம் ஒன்றோடொன்று பொருந்தும் மரக்கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொல்லி, கற்றுக்கொடுப்பவர் எங்கே கை கொடுக்கிறார், எங்கே கையை எடுக்கிறார் என்று கவனித்தார்கள். குழந்தையால் இன்னும் முடியாத பகுதியைப் பெரியவர் தாங்கிக்கொள்வதால், முடிகிற பகுதியில் குழந்தையால் முழுக் கவனத்தையும் வைக்க முடிகிறது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதோடு இதை ஒப்பிட்டார்கள். சுவர் எழுந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவோம் அல்லவா, அதுபோல. பிரிக்க மறப்பதுதான் வீடுகளில் நடக்கும் தவறு. நான்கு வயதில் தானே சாக்ஸ் போடத் தெரிந்த குழந்தைக்கு ஆறு வயதிலும் நாமே மாட்டிவிட்டுக்கொண்டிருப்போம்.

போடுவதற்கு முன் கழற்றுவது வரும். ஒன்றரை வயதுக் குழந்தை தொப்பியையும் சாக்ஸையும் எடுத்து எறிவதைக் குறும்பு என்று நினைக்க வேண்டாம், உடை விஷயத்தில் அது முதல் பாடம். சாக்ஸைக் குதிகால் தாண்டும் வரை நாம் இறக்கிவிட்டு, நுனியைப் பிடித்து இழுப்பதை அவனிடம் விடலாம். போடும்போதும் இதே கணக்குதான். குதிகாலைத் தாண்டுவது கஷ்டம், அதுவரை நாம். கணுக்காலிலிருந்து மேலே ஏற்றுவது அவன். கால்சட்டைக்கு உட்கார வைக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்பது மூன்று வயதில்கூடச் சில நொடிகளுக்கு மேல் தாங்காது. உட்கார்ந்தபடியே இரண்டு கால்களையும் நுழைத்துப் பாதம் வெளியே வந்த பிறகு எழுந்து நிற்கட்டும். குழந்தைகள் முன்பக்க இலாஸ்டிக்கை மட்டும் பிடித்து இழுப்பார்கள், பின்னால் துணி இடுப்புக்குக் கீழேயே மாட்டி நிற்கும். ஒரு கை முன்னே, ஒரு கை பின்னே என்று எடுத்து வைத்துக் காட்டினால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

முன்பக்கம் திறக்கிற ஜாக்கெட்டுக்கு ஒரு எளிய வழி உண்டு. அதைத் தரையில் மல்லாக்க விரித்து, உள்பக்கம் மேலே தெரிய வைத்து, கழுத்துப் பகுதி குழந்தையின் கால்விரல்களுக்கு அருகே வரும்படி போட வேண்டும். குழந்தை குனிந்து இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் கைப்பகுதிகளுக்குள் விட்டு, அப்படியே தலைக்கு மேலாகப் பின்னால் வீச வேண்டும். நேராக வந்து உட்கார்ந்துகொள்ளும். தலைகீழாக மாட்டிக்கொண்டால் கழுத்துப் பக்கம் தப்பான திசையில் இருந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

பட்டன் என்றால் கீழ்ப் பட்டனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் கழுத்துப் பட்டன் குழந்தையின் கண்ணுக்கே தெரியாது. ஓட்டைக்குள் பாதி பட்டனை நாம் தள்ளிவிட, மறுபக்கம் எட்டிப் பார்க்கும் விளிம்பைப் பிடித்து அவன் இழுக்கலாம். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்ய வேண்டியிருப்பதுதான் இதில் கஷ்டம். பெரிய, தட்டையான பட்டன் எளிது. ஜிப்பில் கீழ்முனையைக் கோர்ப்பது நான்கைந்து வயதுவரை நம் வேலைதான். கோர்த்துவிட்டு, கீழ்விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். துணி தளர்ந்திருந்தால் ஜிப் நகராது, குழந்தை தன்னால் முடியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஜிப்பின் நாக்கில் ஒரு சிறிய வளையத்தையோ கயிற்றுத் துண்டையோ கட்டிவிட்டால் பிடிக்க வசதி. கடைசி இரண்டு அங்குலத்தில் மட்டும் உங்கள் விரல் ஜிப்புக்கும் தாடைக்கும் நடுவே இருக்கட்டும். ஒருமுறை தாடைத் தோல் ஜிப்பில் சிக்கினால், அந்தச் சட்டையைக் குழந்தை அப்புறம் கிட்டே விடாது.

ஷூ விஷயத்தில் இடது வலது குழப்பம் தீர, ஒரு ஸ்டிக்கரை நடுவில் வெட்டி, இடது பாதியை இடது ஷூவின் உள்ளேயும் வலது பாதியை வலது ஷூவின் உள்ளேயும் ஒட்டலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் முழுசாகத் தெரிந்தால் சரியான வரிசை. ஷூ போடப் பழக்கும்போது எதிரே உட்காராமல் குழந்தைக்குப் பின்னாலோ பக்கத்திலோ உட்காருங்கள். எதிரே இருந்தால் நம் கை அசைவு அவனுக்குக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பித் தெரியும். ஒட்டுப் பட்டையை முழுக்கத் திறந்து, ஷூவின் நாக்கை நன்றாக வெளியே இழுத்த பிறகே பாதம் உள்ளே போக வேண்டும். குதிகாலுக்குப் பின்னே துணி மடங்குவதுதான் பத்தில் எட்டுத் தடவை நடக்கும் சிக்கல்.

திடீரென்று ஒரு குழந்தை ஷூ போட மறுத்தால் பிடிவாதம் என்று முடிவு கட்டுமுன் அளவைப் பாருங்கள். குழந்தைகள் பெரும்பாலும் "கடிக்குது" என்று சொல்ல மாட்டார்கள். இறுக்கமான ஷூவின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது நம்பகமான சோதனை அல்ல, அமுக்கும்போது குழந்தை விரலை மடக்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் அட்டையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் குழந்தையை நிற்க வையுங்கள். நீளமான விரலுக்கு முன்னே சுமார் 1 சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். நின்றபடிதான் அளக்க வேண்டும், இரண்டு பாதங்களையும் அளக்க வேண்டும். ஒன்று சற்றுப் பெரிதாக இருப்பது சகஜம், பெரியதற்கே ஷூ. மூன்று வயதுவரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, இது முக்கியம். அவசரத்தில் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக் கைப்பகுதிக்குள் இழுப்பது, ஒரு கையைப் பிடித்துத் தூக்குவது, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஊஞ்சல்போல ஆட்டுவது, இவை எல்லாம் முழங்கை எலும்பை நழுவ வைக்கக்கூடியவை. முன்கையின் வெளிப்பக்க எலும்பின் தலையைச் சுற்றி ஒரு வளையம்போல நார் இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு அது இன்னும் தளர்வாக இருப்பதால், கை நீட்டியிருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் எலும்பின் தலை அதற்குள்ளிருந்து நழுவிவிடுகிறது. 1 முதல் 4 வயதுக்குள் இது அதிகம். வீக்கம் பெரும்பாலும் இருக்காது. குழந்தை கையைச் சற்று மடக்கி உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, அசைக்கவே மாட்டேன் என்று இருக்கும். நாமே திருகிப் பார்க்கக் கூடாது. மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார். தூக்கும்போது இரண்டு அக்குளுக்கும் கீழே கை கொடுத்துத் தூக்குங்கள். சட்டை போடும்போது, கைப்பகுதியின் வெளிமுனையிலிருந்து உங்கள் கையை உள்ளே விட்டுக் குழந்தையின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, துணியை அதன் கைமேல் ஏற்றுங்கள். நகர வேண்டியது துணி, கை அல்ல.

காலையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு குழந்தை தானாக உடை மாற்றப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், நாம் மாட்டிவிட்டால் இரண்டு நிமிடம். எல்லா நாளும் பதினைந்து நிமிடம் கொடுக்க எந்த வீட்டாலும் முடியாது. முடியாத நாளில் குழந்தையின் பங்கு சுருங்கட்டும், ஆனால் காணாமல் போக வேண்டாம். எல்லாவற்றையும் நாமே போட்டுவிட்டு, ஒட்டுப் பட்டையை அழுத்துவதை மட்டும் விட்டுவைக்கலாம். ஐந்து நொடி. அந்த ஐந்து நொடியையும் பறித்துக்கொண்டால்தான் "நான் போடுவேன்!" என்று ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், பத்து நிமிடம் போய்விடும்.

நாம் சொல்கிற விதத்திலும் சில நுணுக்கங்கள் உண்டு. தூரத்திலிருந்து, சமையலறையிலிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு சொல்வது விளையாட்டில் மூழ்கிய குழந்தைக்கு எட்டுவதே இல்லை. அருகே போய், அதன் கண்மட்டத்துக்குக் குனிந்து, ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். "பல்லு வெளக்கிட்டு, சட்டை மாத்திட்டு, பையை எடுத்துட்டு வா" என்றால் மூன்று வயதுக் குழந்தையின் மனதில் கடைசித் துண்டு மட்டும் தங்கலாம், எதுவும் தங்காமலும் போகலாம். சொன்ன பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கேட்ட சொல்லைப் புரிந்துகொண்டு, செய்துகொண்டிருப்பதை நிறுத்தி, உடம்பைத் திருப்ப அவ்வளவு நேரம் பிடிக்கிறது. மூன்றாவது நொடியிலேயே திரும்பச் சொன்னால், பாதி வழி வந்த குழந்தை மறுபடியும் கேட்க ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. "ஓடாதே" என்பதைவிட "நடந்து வா" என்பது எளிது. முதலாவதில் என்ன செய்ய வேண்டும் என்பதே இல்லை.

"கெளம்பலாமா?" என்று கேட்கக் கூடாது, கிளம்பியே ஆக வேண்டும் என்றால். கேள்வி கேட்டால் "வேண்டாம்" என்பது ஒரு நேர்மையான பதில். அதற்குக் கோபித்துக்கொள்வது அநியாயம் என்றே நினைக்கிறேன். கிளம்புவது முடிவு, அதில் தேர்வு இல்லை. "நடந்து வர்றியா, முயல் மாதிரி குதிச்சு வர்றியா?" என்பதில் தேர்வு உண்டு. இரண்டு தேர்வு போதும், இரண்டுமே நமக்குச் சம்மதமானதாக இருக்க வேண்டும்.

விளையாட்டிலிருந்து கிளப்புவதுதான் நாளின் மிகக் கடினமான வேலை. "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வெறும் சத்தம். நேரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, எண்ண முடியாது. எண்ணக்கூடியதைச் சொல்லுங்கள்: "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டு வீட்டுக்குப் போறோம்." ஒவ்வொரு சறுக்கலையும் சேர்ந்து எண்ணுங்கள். இரண்டு என்று சொல்லிவிட்டு மூன்றாவதை அனுமதித்தால், நாளைக்கு இரண்டு என்பதற்கு மதிப்பில்லை. அதேபோல, இரண்டு என்று சொல்லிவிட்டு ஃபோன் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, பத்தாவது சறுக்கலில் திடீரென்று கையைப் பிடித்தாலும் அதே கதைதான். போகுமிடத்தில் ஒரு வேலையைக் கையில் கொடுப்பது உதவும்: சாவியை அவன் தூக்கி வரட்டும், கதவைத் திறக்கையில் கடைசித் திருப்பலை அவன் திருப்பட்டும். விளையாட்டை விட்டுவிட்டுப் போவதாக இல்லாமல், வேறொரு வேலைக்குப் போவதாக அது மாறிவிடுகிறது.

திரைக்கும் இது பொருந்தும். 2 முதல் 4 வயதுவரை உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. நேரக் கணக்கைவிட நிறுத்தும் இடமே வீட்டில் சண்டையை மூட்டுகிறது. கதையின் நடுவில் பிடுங்குவதைவிட, ஒரு பகுதி முடியும்போது நிறுத்துங்கள். அடுத்தது தானாக ஓடும் வசதியை முன்பே அணைத்து வையுங்கள், அது ஓடிக்கொண்டே இருந்தால் 'முடிந்தது' என்ற இடமே குழந்தைக்குக் கிடைக்காது. அணைக்கும் பொத்தானை அவனே அமுக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு அழுதால் அழட்டும். உச்சத்தில் அழும் குழந்தையிடம் விளக்கம் பேசுவதில் பயனில்லை. இடிபடாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு இறங்கியதும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பிறருக்கு உதவி செய்யும் ஆசை குழந்தைக்கு நாம் ஊட்டி வருவதில்லை. ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் 18 மாதக் குழந்தைகளுக்கு முன்னால் ஒரு பெரியவர் துணி கிளிப்பைத் தவறவிட்டு எட்ட முடியாமல் கை நீட்டினார். கை நிறையச் சுமையுடன் மூடிய அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நின்றார். யாரும் கேட்காமலே, பாராட்டோ பரிசோ இல்லாமலே, பெரும்பாலான குழந்தைகள் ஏதாவது ஒரு சமயத்தில் எடுத்துக் கொடுத்தார்கள், திறந்துவிட்டார்கள். அந்த வயதில் துணி உலர்த்தும்போது கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது அருமையான வேலை. இரண்டரை வயதில் சாக்ஸ் ஜோடி சேர்க்கலாம், நான்கு ஜோடிக்கு மேல் வைக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றப் பழக்க, குழந்தை ஒரு கையில் பிடிக்கக்கூடிய சின்ன ஜக்கில் 150 மில்லி மட்டும் ஊற்றி, கீழே ஒரு தட்டு வைத்துக் கொடுங்கள். முழுசாகக் கொட்டினாலும் துடைக்க வேண்டியது 150 மில்லிதான். துடைக்கும் துணி அதன் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கட்டும். கொட்டியதைத் துடைப்பதும் அந்த வேலையின் பகுதி, தண்டனை அல்ல.

சாப்பாட்டில் எனக்குப் பிடித்த பிரிவினை, எல்லின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் வகுத்தது. என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. கரண்டியோடு பின்னால் ஓடுகிறவர்களுக்கு இது முதலில் பயமாகத்தான் இருக்கும். தட்டில் குறைவாக வையுங்கள், கேட்டால் திரும்பக் கொடுக்கலாம். புதிய உணவை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறைகூட அது கண்ணில் படவேண்டியிருக்கும். மூன்றாவது தடவையிலேயே "இவனுக்கு இது பிடிக்காது" என்று அவன் முன்னாலேயே சொல்வது அந்தக் கதவைச் சாத்திவிடும். உட்காரும் இடத்தில் பாதம் பதிய ஏதாவது இருக்க வேண்டும். கால் தொங்கினால் உடம்பை நிலைநிறுத்தவே கவனம் போய், எழுந்து எழுந்து ஓடுவார்கள். உருண்டையான பழங்களை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள், முழுக் கொட்டைகளை ஐந்து வயதுவரை தவிர்த்துவிடுங்கள். இரண்டும் மூச்சுக்குழலை அடைக்கக்கூடியவை.

குழந்தைக்கு விடக் கூடாத படிகளும் உண்டு. குளிக்கும் தண்ணீர் கலப்பது முழுக்கப் பெரியவர் வேலை. முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர், இந்த வரிசை மாறக் கூடாது. வெந்நீரை முதலில் ஊற்றி வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீருக்குத் திரும்பும் இடைவெளியில்தான் குழந்தை கையை விடும். 60 டிகிரித் தண்ணீர் குழந்தையின் தோலை ஆழமாகச் சுட ஒரு சில நொடிகள் போதும். சுமார் 37 டிகிரி போதுமானது. நன்றாகக் கலக்கிவிட்டு முழங்கையை விட்டுப் பாருங்கள். விரல் சூட்டுக்குப் பழகிப்போனது, முழங்கைத் தோல் உண்மையைச் சொல்லும். ஃபோன் அடித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது அடிக்கட்டும். சில சென்டிமீட்டர் தண்ணீரிலும் சின்னக் குழந்தை மூழ்கும், சத்தமே கேட்காது. குளித்து முடித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்துவிடுங்கள். தலை கனமாக இருக்கிற வயதில் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் அவர்களால் எழுந்துகொள்ள முடியாது. தலைக்கு ஊற்றும்போது பயப்படுகிற குழந்தையின் கையில் மடித்த உலர்ந்த துணியைக் கொடுத்து நெற்றியில் அழுத்திக்கொள்ளச் சொல்லலாம். கடைசிக் குவளையை அவனே தன் தோளில் ஊற்றிக்கொள்ளலாம்.

பல் விளக்குவதிலும் சுத்தம் செய்வது நாம்தான். ஏழெட்டு வயதுவரை கை அவ்வளவு நுணுக்கமாக ஓடாது. ஃபுளூரைடு உள்ள பேஸ்ட், மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க நெளிந்து கிடக்கும் பேஸ்டை மறந்துவிடுங்கள். எதிரே நின்று விளக்கினால் குழந்தை பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் நின்று, அதன் தலையை உங்கள் வயிற்றில் சாய்த்து, தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டால் மேற்பற்கள் நன்றாகத் தெரியும். பிரஷ் முடி ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்ந்து பட வேண்டும். மேல் முன்பல்லில் பிரஷ் படும்போது கூச்சப்பட்டு வாயை மூடுவார்கள். மேல் உதட்டுக்கு நடுவே உள்ளே இருக்கும் தசைமடிப்பில் பிரஷ் இடித்தால் வலிக்கும் என்பதே காரணம். அந்த மடிப்பின்மேல் உங்கள் விரலைக் கிடைமட்டமாக வைத்து மறைத்துக்கொண்டு விளக்குங்கள். பல பேர் வீட்டில் நடக்கும் இரவுப் போராட்டம் இந்த ஒரு விரலில் பாதி குறையும். நாம் முடித்த பிறகு பிரஷை அவனிடம் கொடுங்கள். அவன் என்ன செய்தாலும் பரவாயில்லை, பல் ஏற்கெனவே சுத்தம். முதலில் அவனிடம் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

நகம் வெட்டக் குளித்த உடனே நல்ல நேரம், நகம் மிருதுவாக இருக்கும். விரல் நுனிச் சதையைக் கீழ்ப்பக்கமாக அமுக்கிப் பிடித்தால் நகமும் தோலும் பிரிந்து தெரியும். கைநகம் வாரம் ஒருமுறை, கால்நகம் மெதுவாகத்தான் வளரும். கால்நகத்தை வளைக்காமல் நேராக வெட்டுங்கள், ஓரங்களை ஆழமாக வெட்டினால் சதைக்குள் வளரும். பத்து விரலையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இன்றைக்கு ஒரு கை போதும்.

மருந்து கொடுக்கச் சமையலறைக் கரண்டி வேண்டாம், ஒவ்வொரு கரண்டியும் ஒவ்வொரு அளவு. மில்லிக் கோடு போட்ட, ஊசியில்லாத மருந்து சிரிஞ்ச் நல்லது. குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உள்பக்கமாகச் சிறிது சிறிதாக விடுங்கள். நேராகத் தொண்டையை நோக்கி அடித்தால் புரையேறும். கடைசி அரை மில்லிக்கு, உங்கள் விரலின்மேல் தன் விரலை வைத்து அவனே அமுக்கலாம். விழுங்குவதில் பாதிச் சண்டை அதோடு தீர்ந்துவிடும்.

இரவுக்கு வருவோம். 1 முதல் 2 வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கண்ணைக் கசக்குவதும் காதை இழுப்பதும் தூக்கம் வருவதற்கான அடையாளம். அதைத் தவறவிட்டால் அரை மணி நேரத்தில் குழந்தை திடீரென்று துள்ள ஆரம்பிக்கும். தெம்பு வந்துவிட்டது என்று தோன்றும், உண்மையில் அது மிதமிஞ்சிய களைப்பு. விளக்கைக் குறைப்பது, பல், உடை, கதை என்று நான்கு படி ஒவ்வொரு இரவும் அதே வரிசையில் நடந்தால் போதும், அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டியதில்லை. நேரம் சற்று முன்பின் ஆனாலும் வரிசை மாறாமல் இருப்பது முக்கியம், குழந்தைக்குக் கடிகாரம் அந்த வரிசைதான்.

நேற்றுப் படித்த அதே கதையைத்தான் இன்றும் கேட்பான். நமக்கு அலுப்பாக இருக்கும், ஆனால் படியுங்கள். ஜெசிகா ஹார்ஸ்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அதே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், வெவ்வேறு கதைகளில் அதே புதுச் சொற்களைக் கேட்டவர்களைவிட அந்தச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். கதை தெரிந்துவிட்டதால் கவனம் சொல்லின்மேல் போக இடம் கிடைக்கிறது. ஐந்தாறு தடவை படித்த பிறகு, வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நொடி பொறுத்தால் அவனே சொல்லுவான். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், சரியான சொல்லோடு அந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு மேலே போகலாம். பக்கத்தைத் திருப்பும் வேலையும் அவனுடையது. மெல்லிய தாள் ஒட்டிக்கொண்டு இரண்டாகத் திரும்பும். ஒரு மூலையை நீங்கள் விரலால் சற்றுத் தூக்கி வைத்தால் போதும்.

புத்தகத்தை மூடிய பிறகு விளக்கை அணைப்பது யார் என்று கேட்க வேண்டியதில்லை. ஸ்விட்ச் எட்டாது, ஆகவே இரண்டு அக்குளுக்கும் கீழே கை கொடுத்துத் தூக்கிப் பிடியுங்கள். விரல் முதல் தடவை வழுக்கும், இரண்டாம் தடவையும் வழுக்கலாம். அமுங்கும் சத்தம் கேட்கும்வரை இறக்கிவிடாதீர்கள்.